கேரம் போர்டின் நடுவில் ஒரு ஓட்டை

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்தவன் கேரம் போர்டின் நட்ட நடுவில், சிவப்புக் காய் உட்காரும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே, டிரில் வைத்து ஓட்டை போட்டவன் நான். கோபத்தில் செய்யவில்லை. குடித்துவிட்டும் செய்யவில்லை. பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, இரண்டு முறை அளந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு செய்தேன். கவனக்குறைவாகச் செய்த முட்டாள்தனத்துக்கு ஊர் மன்னிப்புக் கொடுக்கும். கவனமாகச் செய்ததற்கு எங்கே போய்க் கேட்பது?

சைக்கிளோடு பருத்திப்பட்டு ஏரிக்குள் இறங்கிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, ‘இதற்கு மேல் நீங்கள் ஏதும் செய்திருக்க வாய்ப்பில்லை’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, என்மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி. மேலே படியுங்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவணி முகூர்த்தங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. காலையில் லேசாகத் தூறிவிட்டு வானம் வேறு வேலைக்குப் போயிருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. அந்த இடத்தில் என்னுடைய ரம்ப மிஷின் நிற்கிறது. கூரைக்குப் பச்சை ஷீட் போட்டிருப்பதால் உள்ளே இறங்குகிற வெயிலும் பச்சையாகத்தான் இருக்கும். மரத்தூள் அதில் மிதக்கும்போது ஏரிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் தோன்றும். நேரம் போவதே தெரியாது. மீன் யாராவது வந்து கூப்பிட்டால்தான் உண்டு.

அன்றைக்கும் அப்படித்தான் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட் கொண்டி திறக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி அமுதா போனாள். அப்புறம் ஒரு குரல்.

“தங்கச்சி, எங்க கேரம் போர்டு ஒண்ணு உங்க ஊட்ல கீதுல்ல? கவிதா கேக்குது. புது ஊட்டுக்கு எடுத்துக்கினு போவணுமாம்.”

ஏழுமலையின் குரல். என்னோடு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இரண்டு தெரு தள்ளி வசிப்பவன். இரண்டு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன். கவிதா அவன் மகள்.

நான் குனிந்து பார்த்தேன். ‘எங்க கேரம் போர்டு’ என் கைக்குக் கீழேதான் இருந்தது. அதன் நடுவில் பிளேடு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நிற்கட்டும். பொறுமைசாலி, நிற்பான். அதற்குள் நான் இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

தட்டு அளவு மேசை

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, டிபன் பாக்ஸைத் தேடியவன் நான். “எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் அமுதா. யோசித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அந்த வாரம் மிக்ஸியைக் கழற்றி மாட்டினேன். ஃபேனைக் கழற்றி மாட்டினேன். அது முன்பைவிட மெதுவாகச் சுற்றி, என்னைப்போலவே ஓய்வுக்குத் தயாரானது. கிரைண்டர் பக்கம் நான் போனபோது அமுதா பெங்களூரில் இருக்கும் எங்கள் மகனுக்குப் போன் போட்டாள். “உங்கப்பாவுக்கு வெளையாட எதுனா வாங்கி அனுப்புடா. நான் ஊட்ல மாவு அரைக்கணும்.”

அப்படி வந்து சேர்ந்ததுதான் ஸ்க்ரோல் சா. தையல் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். ஊசி இருக்கிற இடத்தில் நூல்போல மெல்லிய ஒரு ரம்ப பிளேடு. துணி இருக்கிற இடத்தில் பலகை. பின்னாலிருந்து யானைத் தும்பிக்கைபோல ஓர் இரும்புக் கை வளைந்து வந்து பிளேடின் மேல்நுனியைப் பிடித்துக்கொள்ளும். அடிநுனி மேசைக்குக் கீழே மாட்டியிருக்கும். பலகையில் வரைந்த கோட்டை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி பிளேடுக்குக் காட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்த வேலையில் ஒரு மயக்கம் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் நாம் கோட்டை நகர்த்துகிறோம். அப்புறம் கோடு நம்மை இழுத்துக்கொண்டு போகும். பென்சில் கோடு மெல்ல மெல்ல ஒரு சாலையாக மாறும். நான் பூந்தமல்லி ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் வயல், அங்கங்கே தாமரைக்குளம். இப்போது அங்கே வயலும் இல்லை, குளமும் இல்லை என்பது பிளேடுக்குத் தெரியாது. குமிழ் மரத்தை அறுத்தால் லேசான பால் வாசம். தேக்கு என்றால் பழைய பீரோவைத் திறந்த வாசம். தூரத்தில் விமானப்படை முகாம் பக்கமிருந்து ஒரு விமானம் முனகிக்கொண்டு போகும். அந்தச் சத்தமும் மிஷின் சத்தமும் ஒன்றாகக் கலந்து, யாரோ நெடுநேரமாக ‘ம்ம்ம்’ என்று கதை கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். நான் பேசுவதை அவ்வளவு பொறுமையாகக் கேட்ட இன்னோர் ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன்தான் இப்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.

மிஷினில் ஒரே ஒரு குறை, மேசை. டிபன் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. அதில் சின்னச் சாமான்கள்தான் செய்ய முடியும். சாவி மாட்டுகிற மீன் செய்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்போது ஒரு மீன் தொங்குகிறது. யாரும் கேட்கவில்லை. கொடுத்தேன். எதிர்வீட்டம்மாவுக்கு மூன்றாவது மீனை நீட்டியபோது, “அண்ணே, எங்ககிட்ட சாவியே ரெண்டுதான்ணே கீது” என்று கும்பிட்டார்.

வெள்ளைப் பவுடர் ஞாயிறுகள்

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். அவன் அளவு பார்க்கிற பிரிவு. ஒரு பரப்பு தட்டையாக இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். வெளியே வந்தாலும் அந்தக் கண் மூடாது. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால், இலை போடுவதற்கு முன்னால் குனிந்து மேசையின் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்ப்பான். “இடது பக்கம் எறங்குது. ரசத்தை அப்பால ஊத்தச் சொல்லு.” அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் அவன் செலவழித்து நான் பார்த்ததில்லை. மிச்ச வார்த்தைகளை அவன் சார்பில் நான்தான் பேசித் தீர்த்தேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு ஆனதும் அவன் வீட்டுக் கூடத்தில் கேரம் போர்டு இறங்கும். தட்டையான போர்டு வேண்டுமென்று, கடையில் இருந்த எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்து, கடைக்காரர் அழுகிற நிலைமைக்கு வந்த பிறகு வாங்கியது. பவுடரைத் தூவி உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவான். மஞ்சள் பலகையின்மேல் பனி இறங்கினமாதிரி இருக்கும். காய்கள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஜன்னல் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக போர்டின்மேல் ஏறி, நான்கு மணிக்கு நடு வட்டத்தைத் தொடும். அப்போது அவன் மனைவி சுலோச்சனா டீ கொண்டுவருவார். இத்தனை வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினோம், யார் ஜெயித்தோம் என்று எதுவும் நினைவில் இல்லை. அந்த வெயில் நகர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கவிதா பத்தாம் வகுப்புக்கு வந்தபோது சுலோச்சனா அந்த போர்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “அண்ணா, பரீட்சை முடியிற வரைக்கும் இது உங்க ஊட்லயே கெடக்கட்டும். அவ படிக்கிறா. இவரு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு கீறாரு.”

பரீட்சை முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பும் முடிந்தது. கவிதா காலேஜ் போனது, வேலைக்குப் போனது, கல்யாணமும் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் முத்தாபுதுப்பேட்டையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தோம். போர்டு என் சாமான்களோடு வேன் ஏறி, என் வீட்டுப் பரணில் படுத்தது. பதினைந்து வருடம் நம் வீட்டில் தூங்கிய பொருள் நம்முடையது என்று எப்படியோ மனசில் பதிந்துவிடுகிறது. என் மனசு அப்படி. நல்ல மனசுகளின் கதை எனக்குத் தெரியாது.

நாலு வரிக் காயிதம்

இனி, என்னோடு அவன் ஏன் பேசவில்லை என்பது.

எனக்கு மூன்று மாதம் முன்பாக அவன் ஓய்வு பெற்றான். பிரிவு உபசார விழாவில் கடைசியாக அவன் பேச வேண்டும். அதற்கு ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருந்தான். எழுதுவான், அடிப்பான், திரும்ப எழுதுவான். அன்றைக்கு நாலாக மடித்த ஒரு காகிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது. மாலை போடும்போது கசங்காமல் இருக்க, மேசைமேல் எடுத்து வைத்தான்.

நான் பக்கத்தில் இருந்தேன். என் பையில் அன்றைய கேன்டீன் வடைச் சீட்டு ஒன்று, அதுவும் நாலாக மடித்தது. கை தானாகப் போய் இரண்டையும் மாற்றி வைத்தது. முப்பது வருடமாக இப்படி எத்தனையோ செய்திருக்கிறேன். அவன் செருப்பை ஒளித்திருக்கிறேன், டிபன் பாக்ஸில் ஸ்பேனர் வைத்திருக்கிறேன். கோபமே வராது அவனுக்கு. ‘பக்தா, குடுடா’ என்பான், அவ்வளவுதான். பக்தவச்சலம் என்கிற என் பெயரை அவனுக்குப் பிறகு யாரும் அப்படிச் சுருக்கவில்லை.

மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தான். பார்த்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். நான் மூன்றாவது வரிசையிலிருந்து, “இன்னா மாமே, வடை கீதா இல்ல தீந்துபூட்ச்சா?” என்று கத்தினேன். கூடமே சிரித்தது. அதிகாரிகள் சிரித்தார்கள். மாலைக்காரர்கூடச் சிரித்தார்.

ஏழுமலை சிரிக்கவில்லை. “எல்லாருக்கும் வணக்கம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

முதல் வரிசையில் புதுப்புடவையில் சுலோச்சனா. தட்டுவதற்காகத் தூக்கிய இரண்டு கையும் தட்டவும் முடியாமல், இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றன. அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. நான் எழுந்து ஓடி அசல் காகிதத்தைக் கொடுத்திருக்கலாம். அதற்குள் குரூப் போட்டோவுக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். நாலே வரி. என்ன எழுதியிருந்தது என்று இப்போது சொல்லப்போவதில்லை. படித்த பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் முகத்துக்கு முன்னால் போய் நிற்கிற தைரியம் எனக்கு வரவில்லை. பழைய டைரி ஒன்றுக்குள் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம்.

அவனும் வரவில்லை. மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் அரிசி மூட்டையைப் படிக்க ஆரம்பிப்பான். வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் எப்போதும்போலத்தான் பேசிக்கொண்டார்கள். வேலைக்காகாத சண்டை எல்லாம் ஆம்பளைகளுக்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

மேசை வளர்ந்த கதை

கவிதா திருவேற்காட்டில் புது ஃபிளாட் வாங்கியது. ஆவணியில் கிரகப்பிரவேசம். பூஜை அலமாரிக்கு இன்னும் கதவு போடவில்லை என்று சுலோச்சனா சொன்னதாக அமுதா என்னிடம் சொன்னாள். எனக்குள் விளக்கு எரிந்தது.

“கதவு நான் செய்றேன். கொடி ஓடுற மாதிரி, நடுவுல கிளிங்க. ஒரே பலகைல.”

அமுதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒரு காயிதத்தத் திருப்பிக் குடுக்க ரெண்டு வருசமா முடியல. கதவு செஞ்சு குடுக்கப் போறாராம்.”

“காயிதம் குடுத்தா அவன் அப்படியே வாங்கிக்கினு உள்ள போயிடுவான்டி. கதவுன்னா பேசித்தானே ஆவணும்?”

என் திட்டம் அதுதான். ஒரு கதவைக் காட்டி ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

இரண்டரை அடி உயரப் பலகையை அந்தத் தட்டு அளவு மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் தொங்கியது. தொங்கினால் பிளேடு வளைகிறது. வளைந்தால் ‘டிங்’, ஒடிந்துவிடும். ஒரு காலையில் ஒன்பது டிங். சரி, மேசையைப் பெரிதாக்கிவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் பழைய அலமாரித் தட்டு. வைத்துப் பார்த்தேன், நடுவில் தொட்டில்போலக் குழிந்தது. அடுத்து, சமையலறை மேடை போட்டபோது மிச்சமான கிரானைட் துண்டு. தட்டை என்றால் அப்படி ஒரு தட்டை. ஆனால் அதன் கனம் தாங்காமல் மிஷின் அப்படியே முன்னால் குனிந்து, தரையில் விழுந்து என்னை நமஸ்கரித்தது. ஆசீர்வாதம் செய்து தூக்கி நிறுத்தினேன்.

அப்புறம்தான் பரணில் தேடினேன். தூசிக்குள்ளிருந்து கேரம் போர்டு, காய்ப் பையோடும் பவுடர் டப்பாவோடும் வந்தது.

கையால் தடவினேன். பதினைந்து வருடத்துக்கு அப்புறமும் அந்த வழவழப்பு. அளந்தேன். நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம், மிஷினின் தும்பிக்கை பிளேடிலிருந்து பின்னால் போகிற தூரத்துக்குள் அப்படியே அடங்கியது. இதற்காகவே செய்தமாதிரி. கடவுளே கையைப் பிடித்து அளக்கிறார் என்று தோன்றியது. இப்போது யோசித்தால், அவர் என் கையைத் தட்டிவிடப் பார்த்திருக்கலாம் என்று படுகிறது.

சுற்றுச் சட்டத்தைக் கழற்றினேன். அடியில் இருந்த குறுக்குக் கட்டைகளை எடுத்தேன். மிஷின் மேசையில் நாலு துளை போட்டு மரை எடுத்து, போர்டின் நாலு திருகும் தலை தெரியாமல் உள்ளே அமரும்படி இறக்கினேன். பின்மூலைகளுக்கு இரண்டு மரக்கால். நடு வட்டத்தில் ஓட்டை. அதன் வழியாக பிளேடு. கொஞ்சம் கேரம் பவுடர் தூவினேன்.

ஆஹா! அந்தப் பெரிய பலகை சும்மா விரலால் தொட்டதற்கே மிதந்தது. அறுக்கும் தூள் மூலைக் குழிகள் வழியாகத் தானாகவே கீழே இறங்கியது. பச்சை வெயில், வெள்ளைப் பவுடர், மிஷினின் ‘ம்ம்ம்’. குவார்ட்டர்ஸ் கூடத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் உட்கார்ந்திருந்தேன். எதிரே அவன் இருந்தான். ஜன்னல் வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முதல் கிளியின் கழுத்து வரை நான் இந்த உலகத்திலேயே இல்லை.

கிளியின் வாலுக்காகப் பலகையைத் திருப்பினேன். ‘டொக்.’ பலகையின் மறுமுனை பின்னால் தும்பிக்கையில் போய் இடித்தது. இந்தப் பக்கம் திருப்பினேன். ‘டொக்.’

டீயோடு வந்த அமுதா ஒரு நிமிடம் பார்த்தாள். “மேசைதானே பெருசாச்சு? பின்னாடி அந்தக் கை நீண்டுச்சா?”

முப்பது வருடம் மிஷின்களோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தோன்றாதது, டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவளுக்குத் தோன்றியது. மேசையை எவ்வளவு வளர்த்தாலும், அந்த இரும்புக் கை விடுகிற இடத்துக்குள்தான் பலகை சுற்ற முடியும். சமாதானத்துக்காக மிஷினை ஓட்டிக்கொண்டே, இடிக்காத ஓர் இலையை அறுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கேட் கொண்டி சத்தம்.

அரை மில்லி

முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் எத்தனையோ பேரிடமிருந்து அமுதா என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். ‘அவரு ஊர்ல இல்ல’ என்று என் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மட்டும், “உள்ள வாங்கண்ணா. போர்டு கார் ஷெட்லதான் கீது. நீங்களே வந்து பாருங்க” என்றாள்.

வந்தான். நின்றான். பார்த்தான்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. என் கைக்கு சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. அமுதா எட்டி மிஷினை நிறுத்தினாள். மிதந்துகொண்டிருந்த தூள் மெதுவாக அவன் சட்டையில் இறங்கியது.

“மாமே, சிவப்பு நேரா குழிக்குள்ள போயிடுச்சு. ஃபாலோ போட வேணாமா?” என்றேன்.

அவன் போர்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கேரம் ஆட இனிமே கரன்ட்டு இருந்தா போதும்...”

என்னிடம் இன்னும் இரண்டு ஜோக் மிச்சம் இருந்தது. வாய்க்குள்ளேயே செத்துவிட்டன.

“உன்னுதுன்னு மறந்தே பூட்டேன்டா” என்றேன். அது ஜோக் இல்லை. குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஏழுமலை குந்தி உட்கார்ந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு போர்டின் விளிம்போடு பார்த்தான். எழுந்தான். சட்டைப் பையிலிருந்து ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் வெளியே வந்தது. ஓய்வு பெற்றவன் பையில் அது எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. நடு வட்டத்தின் கோட்டிலிருந்து ஓட்டை வரை நாலு பக்கமும் அளந்தான். அவசரமே இல்லை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை. தெருவில் தண்ணீர் கேன் வண்டி வந்து, மணியடித்து, போய்விட்டது. அடிப்பானா? போர்டைப் பிடுங்கிக்கொண்டு போவானா? பேசாமலே போய்விடுவானா? அப்படிப் போய்விட்டால் இனி எந்தக் கதவைச் செய்தாலும் அவன் வரப்போவதில்லை என்பது தெரிந்தது.

ஸ்கேலைப் பைக்குள் வைத்தான்.

“அரை மில்லி அவுட்டு” என்றான்.

இரண்டு வருடத்துக்கு அப்புறம் என்னிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை. அமுதா டீ எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். டீ ஏற்கெனவே என் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

அவன் பலகையைப் பார்த்தான். பாதி அறுபட்ட கிளியின் கழுத்தை விரலால் தொட்டான்.

“யாருக்கு?”

“கவிதாவுக்கு. பூஜை அலமாரிக் கதவு.”

பலகையைத் தூக்கி இரும்புக் கைக்கு நேராக வைத்துப் பார்த்தான். “ஒத்தக் கதவு எதுக்கு? நாலு துண்டா அறு. மேல ரெண்டு, கீழ ரெண்டு, சட்டத்துல சேத்துக்கலாம். எல்லாமே திரும்பும்.” அவனுக்கு இரண்டு நாள் பேச்சு அது. ஒரே மூச்சில் செலவழித்தான்.

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். “தங்கச்சி, பழைய பத்திரிகை அட்டை ஒண்ணு குடும்மா. வலது மூலை எறங்கிகீது.”

யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, அதை மடித்து மடித்து மூலைக் காலுக்கு அடியில் கொடுத்தான். ஒரு காயை போர்டின்மேல் சுண்டி விட்டான். அது எந்தப் பக்கமும் சாயாமல் நேராகப் போய் நின்றது. தலையை ஆட்டினான். அப்புறம் எதிர்ப்பக்கம் போய் நின்று பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். முதலில் பலகையை நாலு துண்டாக்கினோம். நான் திருப்ப, அவன் திருப்ப, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு கிளி முழு உருவத்தோடு பலகையில் வந்து உட்கார்ந்தது.

கை கழுவப் போகிற வழியில் உள்ளே போய் டைரியை எடுத்துவந்தேன். காகிதத்தை நீட்டினேன். மடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தது. பிரித்தான், நின்றபடியே படித்தான். அதே மடிப்பில் மடித்து ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“ம்.”

ஏழுமலை கவிதாவுக்கு வேறு போர்டு வாங்கிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு அமுதா மூலம் தெரிந்துகொண்டேன். அந்தக் கடைக்காரரை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

காலி இடம்

ஆவணியில் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. பால் பொங்கியது. பூஜை அலமாரியில் விளக்கேற்றியதும் கிளிகளின் நிழல் எதிர்ச் சுவரில் பறந்தது. சுலோச்சனா அந்தக் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏழுமலை பக்கத்தில் நின்றான். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்தேன். கீல் தட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான். காகிதம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது அந்த நாலு வரிக்கு மட்டும் காலி இடம் விட்டிருந்தேன். ஒரு முறை அவனைக் கேட்காமல் எடுத்தது போதும். நேற்று அவன் வீட்டுக்குப் போய், எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். காலி இடம் வந்ததும் நிறுத்தினேன். காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். அதில் இருந்தது இதுதான்:

‘முப்பத்து மூணு வருசம் மூணு ஷிப்ட்டும் பார்த்தேன். எந்த நேரத்துக்கு வந்தாலும் என் வீட்டுக் கதவை நான் தட்டினது இல்ல, சைக்கிள் ஸ்டாண்டு போடுற சத்தத்துக்கே திறந்துடும். திறந்தவங்க பேரு சுலோச்சனா, முதல் வரிசைல உக்காந்திருக்காங்க. அவங்க கொஞ்சம் எழுந்து நிக்கணும், எல்லாரும் அவங்களுக்குக் கை தட்டணும்.’

“ஊரே படிக்கும்டா. போடட்டுமா?” என்றேன்.

ஜன்னல் வழியாக வீட்டுக்குள் ஒரு முறை பார்த்தான்.

“போடு. அவ படிப்பா.”